பேம்பியை ஏன் விட்டுவிட்டீர்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் இணைப்பிதழில், கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டிய பத்துப் பொம்மைப் படங்கள் என்று ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். அதைக் கத்தரித்து வைத்திருக்கிறேன். ஓவிய ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான், கத்தரிப்பது கைப்பழக்கம். அந்தப் பக்கத்தில் இரண்டு வாக்கியங்களுக்குச் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டேன். ஒன்று, இந்தப் படங்கள் உலக இலக்கியங்களை அப்படியே கண்முன் நிறுத்துகின்றன என்பது. இன்னொன்று, பிஞ்சு மனங்களை அழவைக்கும் படங்களைத் தவிர்த்திருக்கிறோம் என்பது. முதல் வாக்கியம் உண்மையில்லை. இரண்டாவது வாக்கியம் உண்மையாக இருப்பதுதான் என் வருத்தம். ‘பேம்பி’ என்ற டிஸ்னியின் மான்குட்டிப் படம் அதனால்தான் விடுபட்டது போலிருக்கிறது.

முதல் வாக்கியத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பட்டியலில் முதலிடம் கொடுத்திருக்கும் ‘ஸ்னோ ஒயிட்’ 1937 டிசம்பரில் வந்த படம். கிரிம் சகோதரர்கள் அச்சிட்ட கதையில் குள்ளர்கள் ஏழு பேருக்கும் பெயரே கிடையாது. அரசி மூன்று தடவை வேடம் மாற்றிக்கொண்டு வருகிறாள். முதலில் இடுப்புக் கச்சையை இறுக்கிக் கட்டிப் பார்க்கிறாள், அடுத்தது விஷச் சீப்பு, அப்புறம்தான் ஆப்பிள். முத்தம் கொடுத்து எழுப்புகிற கட்டமும் அதில் இல்லை. கண்ணாடிப் பெட்டியைத் தூக்கிப் போகிறவர்கள் கால் இடறுகிறார்கள், பெட்டி குலுங்கிய குலுக்கலில் தொண்டையில் சிக்கியிருந்த ஆப்பிள் துண்டு வெளியே வந்துவிடுகிறது. கடைசியில் அரசிக்குப் பழுக்கக் காய்ச்சிய இரும்புச் செருப்பை மாட்டி, செத்து விழும்வரை ஆடவிடுகிறார்கள். இதை ‘அப்படியே’ எடுத்திருந்தால் உங்கள் பட்டியலில் அந்தப் படத்துக்கு இடம் கிடைத்திருக்காது.

டிஸ்னியைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. கிரிம் சகோதரர்களே 1812ஆம் ஆண்டுப் பதிப்பில் அந்த அரசியைப் பெற்ற தாயாகத்தான் வைத்திருந்தார்கள். 1819ஆம் ஆண்டுப் பதிப்பில் மாற்றாந்தாய் ஆக்கிவிட்டார்கள். பெற்றவளே மகளைக் கொல்லப் பார்த்தாள் என்று பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்று அவர்களுக்கும் கூச்சமாக இருந்திருக்கும்போல. பழி போய் மாற்றாந்தாய்கள் தலையில் விடிந்தது. எங்கள் தெருவிலேயே இரண்டாந்தாரமாக வந்து மூத்தாள் பிள்ளைகளைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்த பெண்கள் இருக்கிறார்கள். இந்தத் திருத்தத்தைப் பற்றி அவர்களிடம் கேட்டால் நன்றாகச் சொல்வார்கள்.

‘பினோக்கியோ’வும் அப்படித்தான். இத்தாலியில் கொலோடி அந்தக் கதையை 1881இல் ஒரு சிறுவர் பத்திரிகையில் தொடராக எழுத ஆரம்பித்தார். பாதியிலேயே அந்த மரப்பொம்மைப் பயலைப் பெரிய ஓக் மரத்தில் தூக்கில் தொங்கவிட்டுக் கதையை முடித்துவிட்டார்! இன்னும் வேண்டும் என்று கேட்ட பிறகுதான் தொடர்ந்து எழுதி, 1883இல் புத்தகமாக வந்தது. புத்தி சொல்ல வரும் சுவர்க்கோழியை அந்தப் பயல் நான்காம் அத்தியாயத்திலேயே சுத்தியலை வீசிச் சுவரோடு சுவராக நசுக்கிவிடுகிறான். பிற்பாடு அது ஆவியாக வந்து மறுபடியும் புத்தி சொல்லும். 1940இல் வந்த படத்தில் அதே சுவர்க்கோழி தொப்பியும் குடையுமாக வந்து கதையையே நடத்துகிறது. இது நல்ல மாற்றம் என்றுதான் நான் சொல்வேன். ஒரு மரக்கட்டைப் பயல் தனியாக ஊர் சுற்றும்போது அவனுக்காகக் கவலைப்பட ஓர் ஆள் வேண்டும். திரையில் அது பார்க்கிறவர்களுக்கும் வேண்டியிருக்கிறது.

கதையை மாற்றுவது தப்பென்றால் கம்பரைத்தான் முதலில் கூண்டில் ஏற்ற வேண்டும். வால்மீகியின் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்கிக்கொண்டு போகிறான். கம்பர் அதைச் செய்யவிடவில்லை, குடிசையைத் தரையோடு பெயர்த்து எடுத்துப் போகவைத்தார். வில்லை ஒடிப்பதற்கு முன்பே மாடத்தில் நின்றவளும் வீதியில் நடந்தவனும் கண்ணோடு கண் பார்த்துக்கொள்வதும் வால்மீகியில் கிடையாது. நம் கொங்கு நாட்டுச் சினிமாவும் கதையிலிருந்து பிறந்ததுதான். நாமக்கல் கவிஞரின் ‘மலைக்கள்ளன்’ நாவலைக் கோவை பட்சிராஜா ஸ்டுடியோ 1954இல் எம்.ஜி.ஆரை வைத்துப் படமாக்கியது. அரபுக் கதையான அலிபாபாவைச் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1956இல் கலரில் எடுத்தது. குகை வாசல் திறக்கிறதா என்றுதான் ஜனங்கள் பார்த்தார்கள். மூலத்தில் உள்ளபடி திறக்கிறதா என்று யாரும் அளந்து பார்க்கவில்லை.

ஆனால் எதற்காக மாற்றினார்கள் என்று கேட்கத்தான் வேண்டும்.

திருப்பூரிலிருந்து என் பேத்தி லீவுக்கு வந்திருக்கிறாள். உங்கள் பட்டியலைப் பார்த்துத்தான் ‘ஜங்கிள் புக்’ போட்டோம், 1967இல் வந்த படம். பாதியில் கேட்டாள், “அம்மிச்சி, அந்தப் பாம்பு எதுக்கு எப்பப் பாத்தாலும் அவனத் திங்கறதுக்கே வருது?” கிப்ளிங் 1894இல் எழுதிய புத்தகத்தில் கா என்கிற அந்த மலைப்பாம்பு, ஓநாய்கள் வளர்த்த பையன் மௌக்லியின் கூட்டாளி என்றும், குரங்குகள் பையனைத் தூக்கிப்போய் இடிந்த நகரத்தில் வைத்திருந்தபோது கருஞ்சிறுத்தை பகீராவும் கரடி பாலுவும் அதனிடம் போய்த்தான் உதவி கேட்டார்கள் என்றும் சொன்னேன். “அப்புறம் எதுக்கு மாத்துனாங்க?” என்றாள்.

பாம்பு என்றால் கெட்டது, அவ்வளவுதான் காரணம். யோசிக்க வேண்டாம், கை தானாக வரைந்துவிடும். வெள்ளிக்கிழமை புற்றுக்குப் பால் ஊற்றுகிற வீட்டில் வளர்கிற பிள்ளைக்கு அது உறுத்தியிருக்கிறது. கம்பர் மாற்றியபோது சீதையின் கௌரவத்தை நினைத்து மாற்றினார். இங்கே மாற்றியவர்கள் சிரிப்புக்கு ஒரு வில்லன் கிடைத்தால் போதும் என்று மாற்றியிருக்கிறார்கள். குரங்குகளுக்கு ஒரு ராஜா வேறு. புத்தகத்தில் அந்தக் கூட்டத்துக்குத் தலைவனே கிடையாது, சட்டமும் கிடையாது, எதையும் முடிக்க மாட்டார்கள் என்பதுதான் அவர்களைப் பற்றிய பகடி. போதாக்குறைக்கு அந்த ராஜா ஒராங்குட்டான். போர்னியோ, சுமத்ரா காடுகளில் இருக்கிற பிராணி மத்தியப் பிரதேசத்துக் காட்டுக்கு எந்த பஸ் ஏறி வந்தது என்று தெரியவில்லை.

எனக்குப் பெரிய நஷ்டம் புலியின் முடிவுதான். படத்தில் எரிகிற கொப்பைப் புலியின் வாலில் கட்டி விரட்டிவிடுகிறார்கள். கிப்ளிங்கின் மௌக்லி ஊருக்குள் வந்து எருமை மேய்க்கிற பையனாகிறான். கிழ ஓநாயைத் துணைக்கு வைத்துக்கொண்டு மந்தையை இரண்டாகப் பிரிக்கிறான், கிடாக்கள் ஒரு பக்கம், கன்றோடு இருக்கிற எருமைகள் ஒரு பக்கம். வயிறு முட்டத் தின்றுவிட்டு ஓடைப் பள்ளத்தில் படுத்திருக்கும் புலியை இரண்டு பக்கமும் அடைத்து, கிடாக்களை மேலிருந்து முடுக்கி மிதிக்கவைத்துக் கொல்கிறான். தடப்பள்ளி வாய்க்கால் கரையோரத்து ஊர்களிலிருந்து என் வகுப்புக்கு வந்த பிள்ளைகளில் எருமை மேய்த்தவர்கள் நிறைய. இந்தக் கட்டத்தைச் சொன்னால் அவர்களுக்குப் புலியைவிட எருமையைப் பற்றித்தான் பேச்சு. கன்று வைத்திருக்கிற எருமையைத் தனியாகப் பிரிப்பது லேசில் நடக்காது என்று ஒருவன் அடித்துச் சொன்னான், கிழ ஓநாய் இருந்தால் நடக்கும் என்று இன்னொருவன் சமாதானம் சொன்னான். புத்தியால் புலியைக் கொன்ற ஒரு மாட்டுக்காரப் பையனை அவர்களுக்குக் காட்டியிருக்கலாம். வாலில் நெருப்பு வைத்த வேடிக்கையைக் காட்டிவிட்டார்கள்.

வேறு மாதிரி எடுக்க முடியாதா என்றால், எடுத்திருக்கிறார்கள். அதே 1967இல் மாஸ்கோவில் ரொமான் தவீதொவ் இதே கதையை எடுக்க ஆரம்பித்து, 1971 வரை ஐந்து பகுதிகளாக முடித்தார். அதில் கா நல்ல கூட்டாளிதான், கிழட்டு ஞானத்தோடு வருகிறது. தொண்ணூறுகளில் தூர்தர்ஷனில் வந்தது ஜப்பானியத் தொடர். இந்தி தெரியாத எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாம் குல்சார் எழுதிய அந்தப் பாட்டை இந்தியிலேயே பாடிக்கொண்டு திரிந்தது வேறு கதை. டிஸ்னி படத்திலும் பாலு கரடி ஆடுகிற ஆட்டம் பார்க்கப் பார்க்கச் சலிக்காது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் உங்கள் பட்டியலில் மாஸ்கோவும் இல்லை, ஜப்பானும் இல்லை. பத்தும் அமெரிக்கப் படங்கள், அதிலும் முக்கால்வாசி ஒரே கம்பெனி. ‘ஜங்கிள் புக்’குக்கு நேராகக் கதை என்கிற இடத்தில் டிஸ்னி என்றே அச்சாகியிருக்கிறது. கிப்ளிங் வெள்ளைக்கார அகம்பாவம் பிடித்த மனுஷர் என்று எனக்கும் கோபம் உண்டு, ஆனாலும் அவர் எழுதியதை அவர் பெயரில்தான் போட வேண்டும்.

மாற்றத்துக்குக் காசு கொடுத்தவர் யார் என்று பார்க்க வேண்டிய படமும் ஒன்று உண்டு. ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘விலங்குப் பண்ணை’யை லண்டனில் ஹாலாஸ், பேச்சலர் என்ற கணவன் மனைவி 1954இல் படமாக்கினார்கள். பண்ணையைப் பன்றிகள் பிடித்துக்கொண்டு ஆளுகிற கதை. புத்தகத்தின் முடிவில் மற்ற பிராணிகள் ஜன்னல் வழியாகப் பார்க்கும், பன்றி எது மனிதன் எது என்று தெரியாது, அத்தோடு முடியும். படத்தில் பிராணிகள் திரண்டு வந்து பன்றியைத் தீர்த்துக்கட்டுகின்றன. அந்தப் படத்துக்குப் பின்னால் இருந்த பணம் அமெரிக்க உளவுத்துறை சி.ஐ.ஏ.வுடையது என்பது பிற்காலத்தில் வெளிவந்தது. ஆர்வெல் 1950லேயே இறந்துபோனார், கேட்க ஆளில்லை. இதைச் சின்னப் பிள்ளைகளுக்குக் காட்டச் சொல்ல மாட்டேன். ஒன்பதாம் வகுப்புக்கு மேலே, புத்தகத்தையும் கொடுத்துக் காட்டினால் ஒரு வாரம் பேசலாம்.

சரி, இரண்டாவது வாக்கியத்துக்கு வருகிறேன். அழவைக்கும் படங்களைத் தவிர்த்தோம் என்று சொல்லி நீங்கள் விட்டது ‘பேம்பி’ என்று நினைக்கிறேன். அந்தக் காலத்துப் பொம்மைப் படங்களைப் பட்டியல் போடுகிறவர் யாரும் மறந்து விடக்கூடிய படம் இல்லை அது.

பீலிக்ஸ் சால்டன் வியன்னாவில் இருந்த யூத எழுத்தாளர். ‘பேம்பி’ நாவல் 1923இல் வந்தது. ஹிட்லரின் ஆட்கள் அதைத் தடை செய்தார்கள். சிறுவர்களுக்கென்று எழுதிய புத்தகம் அல்ல. அதில் ஓர் அத்தியாயம் முழுக்க, மரத்தில் மிச்சமிருக்கும் இரண்டு இலைகள் பேசிக்கொள்வதுதான். விழுந்த பிறகு என்ன ஆவோம் என்று ஒன்றையொன்று கேட்டுக்கொள்கின்றன. படத்தில் அந்தப் பேச்சு இல்லை, இரண்டு இலைகள் கிளையிலிருந்து விழுவதை மட்டும் காட்டுவார்கள். கோபோ என்ற மான் குட்டியும் படத்தில் இல்லை. நாவலில் மனிதர்கள் அதை எடுத்து வளர்க்கிறார்கள், கழுத்தில் பட்டை கட்டி விடுகிறார்கள், மனிதன் நல்லவன் என்று நம்பி வெட்டவெளியில் நின்று குண்டடி பட்டுச் சாகிறது. இவ்வளவையும் விட்டுவிட்டு, நடுவில் முயலும் மான்குட்டியும் பனிக்கட்டியில் சறுக்கி விளையாட இடம் கொடுத்த படம்தான் அது. ஆனால் தாயின் சாவை மட்டும் நீக்கவில்லை.

அந்தக் கட்டத்தை ஓவியம் தெரிந்தவள் என்ற முறையில் சொல்கிறேன். பனி முடிகிற காலம். முதல் புல் முளைத்திருக்கிறது, தாயும் குட்டியும் மேய்கின்றன. தாய் தலையைத் தூக்குகிறது. ஓடு என்கிறது. திரும்பிப் பார்க்காதே என்கிறது. ஒரு வெடிச் சத்தம். குட்டி புதருக்குள் வந்து சேர்ந்து, அம்மா வந்துவிட்டாள் என்று நினைத்துத் திரும்புகிறது. ஆளில்லை. மறுபடியும் பனி கொட்ட ஆரம்பிக்கிறது. இரத்தம் ஒரு துளி கிடையாது, விழுந்த உடல் கிடையாது, துப்பாக்கி பிடித்த மனிதனைப் படம் முழுக்க ஓர் இடத்திலும் காட்டவில்லை. 1942இல் இப்படி ஒரு மரணத்தைப் பிள்ளைகளுக்கு வரைந்து காட்டியவர்கள் எவ்வளவு யோசித்திருப்பார்கள்!

அந்தக் காட்டின் தோற்றத்துக்குக் காரணம் டைரஸ் வாங் என்ற சீன அமெரிக்க ஓவியர். சிறுவனாக அப்பாவோடு கப்பலில் வந்து இறங்கியவர். இலை இலையாக, கொப்பு கொப்பாக வரைந்தால் மான் அதற்குள் காணாமல் போய்விடுகிறது என்பது மற்றவர்களுக்கு இருந்த தலைவலி. அவர் பழைய சீன ஓவியங்களின் வழியில் நடுவில் நான்கு கோடு தெளிவாகப் போட்டு, சுற்றிலும் வண்ணத்தைக் கரைத்துப் புகையாக விட்டுவிட்டார். பார்க்கிறவர் கண்ணே மிச்சக் காட்டை வளர்த்துக்கொள்ளும். 1941இல் டிஸ்னி ஸ்டுடியோவில் நடந்த வேலைநிறுத்தத்தை ஒட்டி, படம் வெளிவருவதற்கு முன்பே அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். 106 வயது வரை இருந்து 2016இல் காலமானார். என் மாணவர்கள் வெள்ளைத் தாளில் ஒரு மூலை காலியாக இருந்தாலும் சூரியனையோ காக்காயையோ போட்டு நிரப்புவார்கள். காலியாக விடவும் தெரிய வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க எனக்கு இருந்த ஒரே பாடப்புத்தகம் இந்தப் படம்.

ஒரு சனிக்கிழமை சிறப்பு வகுப்பில் ஆறாம் வகுப்புக்கு இதை சி.டி.யில் போட்டேன். அழுதார்கள். ஆனால் நீங்கள் பயப்படுகிற மாதிரி அல்ல. முதலில் நடந்தது வாக்குவாதம். உடம்பைக் காட்டவில்லை, அதனால் சாகவில்லை, கிளைமாக்ஸில் வந்துவிடும் என்றாள் ஒரு பெண், நம் சினிமா பார்த்த அனுபவம். பர்கூர் மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த பையன், குட்டியை முன்னால் விட்டுப் பின்னால் ஓடினால் தாய்க்குத்தான் அடி விழும், வரவே வராது என்றான். படம் முடிகிற வரைக்கும் அந்தப் பெண் காத்திருந்தாள். வரவில்லை என்றதும் அவளுக்கு வந்தது அழுகையா கோபமா என்று என்னால் சொல்ல முடியவில்லை. தலைமை ஆசிரியர் எட்டிப் பார்த்துவிட்டு, “ஏனுங்க டீச்சர், புள்ளைகளை அழவெச்சு என்னத்தக் கண்டீங்க?” என்றார். அடுத்த வாரம் மறுபடியும் போடச் சொல்லி என் மேஜையைச் சுற்றி நின்றவர்களில் முக்கால்வாசிப் பேர் அழுதவர்கள்தான்.

இதற்கு நேர் எதிராக, உங்கள் பட்டியலில் இருக்கும் ‘லிட்டில் மெர்மெய்ட்’. ஆண்டர்சன் 1837இல் எழுதிய கடல்கன்னி தன் நாக்கைக் கொடுத்துக் கால்களை வாங்குகிறாள், ஒவ்வோர் அடியும் கத்திமேல் நடப்பதாக வலிக்கிறது, அரசகுமாரன் வேறொருத்தியைக் கட்டிக்கொள்கிறான். அவனைக் குத்திவிட்டால் மறுபடி கடலுக்குப் போகலாம் என்று அக்காள்கள் கத்தியைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அவள் குத்த மாட்டேன் என்று கத்தியை வீசிவிட்டு நுரையாகிறாள், அதற்கப்புறம் காற்றின் மகள்களோடு சேர்கிறாள். 1989ஆம் ஆண்டுப் படத்தில் கல்யாணம் ஆகி எல்லோரும் கை தட்டுகிறார்கள். பாட்டுகள் அருமை, நண்டு அருமை. ஆனால் அந்தப் பெண் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு எடுத்த முடிவு போய்விட்டது. அவளைக் கதாநாயகியாக்குவது அந்த ஒரு ராத்திரிதான். ஜப்பானில் டோய் கம்பெனி 1975இல் இதே கதையை எடுத்தபோது முடிவை மாற்றவில்லை. அந்த ஊர்ப் பிள்ளைகள் தாங்கிக்கொண்டார்கள்.

நம் ஊர்ப் பிள்ளைகள் தாங்க மாட்டார்களா? எங்கள் பக்கம் அண்ணன்மார் கதையை உடுக்கையடித்துப் பல ராத்திரி பாடுவார்கள். பொன்னரும் சங்கரும் சாகப்போகிறார்கள் என்று முதல் நாளே ஊருக்கே தெரியும். கொம்பன் என்கிற காட்டுப்பன்றி வருகிற கட்டத்தில் விசிலடித்த பொடுசுகள், தங்காள் அண்ணன்களின் உடலைத் தேடிக் காட்டுக்குள் அழுதுகொண்டே போகிற ராத்திரி அப்பத்தா முந்தானையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். தூங்கப் போ என்று யாரும் விரட்ட மாட்டார்கள். படுகளத்தில் ஆட்கள் செத்தவர்கள் மாதிரி விழுந்து கிடப்பதையும், அவர்களை எழுப்புவதையும் நேரில் பார்த்து வளர்ந்தோம். பாட்டுக்காரர் ஊருக்கு ஊர் கதையைக் கூட்டுவார், குறைப்பார், கேட்கிறவர்களின் குலத்தைப் பார்த்து நாலு வார்த்தை புகழ்ச்சி சேர்ப்பார். சாவை மட்டும் எந்த ஊரிலும் எடுத்ததில்லை.

அந்தக் கதையே பொம்மைப் படமாகியிருக்கிறது என்பது உங்கள் வாசகர்கள் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். கனடாவைச் சேர்ந்த மானிடவியல் அறிஞர் பிரெண்டா பெக் 1960களில் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கியிருந்து, உடுக்கைக்காரர் பாடப் பாட ஒலிநாடாவில் பதிவு செய்தார். பிற்காலத்தில் அதை 26 பகுதிகள் கொண்ட அனிமேஷன் தொடராக்கினார். டிஸ்னியின் நளினத்தை அதில் எதிர்பார்க்கக் கூடாது. உருவங்கள் கொஞ்சம் விறைப்பாகத்தான் அசையும், ஆசிரியை என்ற முறையில் மதிப்பெண் போட்டால் அங்கே குறைத்துத்தான் போடுவேன். ஆனால் காட்டைத் திருத்தி ஏர் பூட்டுவதையும், பொன்னர் சங்கரின் பெற்றோர் குன்றுடையானும் தாமரையும் பிள்ளையில்லாமல் படுகிற பாட்டையும் வேறு எந்தப் பொம்மைப் படத்தில் பார்க்க முடியும்? உங்கள் பத்தில் ஒன்றுக்கு நம் மண்ணில் இடம் கொடுத்திருக்கலாம். மகாகதைதான் வேண்டும் என்றால் யூகோ சாகோவும் ராம் மோகனும் சேர்ந்து எடுத்த 1992ஆம் ஆண்டு ‘ராமாயணா’ இருக்கிறது. அதில் வருகிற கும்பகர்ணனைப் பார்த்தால் பிள்ளைகள் வாயை மூட மாட்டார்கள்.

ஒரு கோரிக்கைக்காகவும்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். அரசுப் பள்ளிகளில் 2022 முதல் மாதம் ஒரு சிறார் படம் காட்டும் திட்டம் வந்தது, சாப்ளினின் ‘தி கிட்’டில் ஆரம்பித்தார்கள். நல்ல ஆரம்பம். உங்கள் பத்திரிகையைப் பல பள்ளிகளில் வாங்குகிறார்கள், நீங்கள் எழுதினால் ஆசிரியர்கள் பார்ப்பார்கள். அடுத்த பட்டியலில் லோட்டே ரைனிகர் என்ற ஜெர்மன் பெண்மணி 1926இல் முடித்த ‘இளவரசர் அக்மத்’ படத்தைச் சேருங்கள். இன்று நம் கைக்குக் கிடைக்கிற முழுநீள அனிமேஷன் படங்களில் அதுதான் மூத்தது, ‘ஸ்னோ ஒயிட்’டுக்குப் பதினோரு வருஷம் முந்தியது. ஆயிரத்தொரு இரவுகள் கதைதான். கறுப்பு அட்டையையும் மெல்லிய ஈயத் தகட்டையும் கத்தரிக்கோலால் வெட்டி, மூட்டு மூட்டாகக் கம்பியால் பிணைத்து, கீழேயிருந்து வெளிச்சம் விட்டு, மேலேயிருந்து ஒவ்வோர் அசைவாகப் படம் பிடித்திருக்கிறார். தோல்பாவைக் கூத்து பார்த்த ஊர்க்காரர்களுக்கு அதை விளக்கவே வேண்டாம். பேசாத படம் என்பதால் எந்த மொழிப் பிரச்சினையும் இல்லை. திரைக்குப் பக்கத்தில் ஓர் ஆசிரியர் நின்று, மௌனப்பட காலத்தில் செய்த மாதிரி, கதையைத் தமிழில் சொல்லிக்கொண்டே போகலாம்.

படம் முடிந்ததும் கறுப்பு சார்ட் பேப்பரும் கத்தரிக்கோலும் கொடுத்துவிடுங்கள். கை கால்களைத் தனித்தனியாக வெட்டி, ஊசியால் துளை போட்டு நூலால் முடிச்சுப் போட்டால் போதும். ஒரு பழைய வெள்ளை வேட்டி, பின்னால் ஒரு குண்டு பல்பு. என் வகுப்பில் இதைச் செய்தபோது ரைனிகரின் மந்திரவாதியைப் பார்த்து வெட்டச் சொன்னேன். பாதிப் பேர் முனியப்பனை வெட்டிக் கொண்டுவந்தார்கள், கையில் அரிவாளோடு. மதிப்பெண்ணில் கை வைக்கவில்லை.

அடுத்த தடவை பட்டியல் போடும்போது படத்தின் பெயருக்குக் கீழே எழுதியவர் பெயரையும், மூலக்கதை எப்படி முடிகிறது என்று இரண்டு வரியையும் சேர்த்துப் போட்டால் பெற்றோருக்கு உபகாரமாக இருக்கும். எதைக் காட்டுவது, எதைச் சொல்லிவிட்டுக் காட்டுவது என்று அவரவர் வீட்டு நிலைமையைப் பார்த்து முடிவு செய்துகொள்வார்கள்.

‘பேம்பி’யைப் போடப்போகிற பள்ளிகளுக்கு ஒரு குறிப்பு. படமே 70 நிமிஷம்தான், இடைவேளை தேவையில்லை. பீரியட் மணி அடித்துவிட்டது என்று தாய் இறந்த இடத்தில் நிறுத்திவிடாதீர்கள். அதற்கு அடுத்த காட்சி வசந்தகாலம், குருவிகள் எல்லாம் பாடும், ஓர் ஆந்தை சத்தம் தாங்காமல் எரிந்து விழும். அதுவரைக்காவது ஓடட்டும். என் வகுப்பில் கரண்ட் போனது சரியாக அந்தப் பனிக்காட்சியில்தான். திரும்ப வருவதற்குள் நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியை,
கோபிசெட்டிபாளையம்.